தம்பியைக் கூட்டி வந்த அக்கா

வயசுப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, 'என்ன சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டி பேசுது' என்று மாரடிக்கிற தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டு, வீட்டில் வாங்கிய ஏச்சில் தலை காட்டாமல் கிடந்து, அப்புறம் அக்டோபரில் எழுதி பாஸ் பண்ணி, ஒரு வருஷம் பிந்தி பிளஸ் டூ முடித்தவள். அதோடு கல்யாணம். இப்படிப்பட்ட நான் ஒரு வருஷம் 'டீச்சராக' இருந்து பட்ட பாடுதான் இது.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம் தீர்த்தமலை. மலை மேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். ராமர் அம்பு விட்டு வரவழைத்ததாகச் சொல்லும் ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து கொட்டும். கோடையிலும் வற்றாது என்பார்கள் பெரியவர்கள். அடிவாரத்தில் தேங்காய், பழம், கற்பூரம் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. 2020ல் கொரோனா வந்து கோயில் நடை சாத்தியபோது எங்கள் கடையும் சாத்தியது. வீட்டுக்காரர் மரவள்ளிக் கிழங்கு லாரிக்கு லோடு ஏற்றப் போனார். அந்தக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கே தனியாக ஒரு கடிதம் வேண்டும்.

பள்ளிக்கூடமும் அதே மார்ச்சில் சாத்தியதுதான். ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். ஒன்றாவதில் சேர்ந்த பிள்ளை பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் இரண்டாவதுக்கு வந்து நின்றது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை 2021 அக்டோபர் 27ந் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அந்தந்தத் தெருவிலேயே படித்தவர்கள் சாயந்திரம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அப்போது ஏற்பாடு. மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பிளஸ் டூ படித்திருந்தால் ஒன்று முதல் ஐந்து வரை சொல்லித்தரலாம் என்றார்கள். ஆறு முதல் எட்டு வரை என்றால் டிகிரி வேண்டியிருந்தது.

என் சின்னவனின் வாத்தியார்தான், "நீங்க எழுதிப் போடுங்கம்மா" என்றார். வீட்டுக்காரர் சிரித்தார். "ஆயிரம் ரூபாய்க்குத் தொண்டை கட்டிக்கிட்டு, அதுக்கு நூறு ரூபாய் மாத்திரை வாங்கப் போற." மாமியார் சிரிக்கவில்லை. "திண்ணைல நான் எங்க உக்காருவேன்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். அறுபத்தெட்டு வயசில் அவருக்கு அந்தத் திண்ணைதான் உலகம். ஒரு மூலையை அவருக்கென்று விட்டு, மற்ற இடத்தில் பாயை விரித்து, 2022 பிப்ரவரியில் பதினெட்டுப் பிள்ளைகளோடு ஆரம்பித்தேன்.

வாண்டுகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பாட்டு, கதை, ஒரு உருண்டை பொரி, அவ்வளவுதான். மூக்கைச் சிந்திவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். எனக்குச் சோதனையாக வந்தது வாசலுக்கு வெளியே நின்ற நாலு பேர்.

தம்பி தங்கைகளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் வருவார்கள். பதினாலு வயசில் ஒரு பெண், ஒன்பதாவது படிக்கிறவள். அவளை விட ஒரு வயசு சின்னவள் ஒருத்தி. எட்டாவது படிக்கிற இரண்டு பையன்கள். விட்டுவிட்டுப் போகவும் மாட்டார்கள். உள்ளே வந்து உட்காரவும் மாட்டார்கள். வேலிக்கல்லில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். நான் 'அ... ஆ...' என்றால் பையன்கள் ஆடு மாதிரி 'மே... மே...' என்பார்கள். நான் திரும்பினால் வானத்தில் காக்கா பார்ப்பார்கள். "யத்தோவ், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று ஒருத்தன் கேட்டான். தெருவில் எல்லாருக்கும் நான் அத்தை முறை. வாண்டுகள் இரண்டாம் நாளே 'டீச்சர்' என்று மாறிவிட்டன. இந்த நாலும் கடைசி வரை 'அத்தை'தான்.

முதல் வாரம் கத்தினேன். இரண்டாம் வாரம் அவர்கள் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். இரண்டுக்கும் பலன் இல்லை. என் பெரியவளுக்கும் அப்போது பதிமூன்று வயசு. வீட்டிலும் அதே கூத்து, வாசலிலும் அதே கூத்து. ராத்திரி படுத்தால், 'ஐயோ, நாளைக்கும் இதுங்க முகத்தில் முழிக்கணுமே' என்று இருக்கும்.

மூன்றாம் வாரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பலகையில் 'கொக்கு குளத்தில் மீனைக் கொத்தியது' என்று எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெரிய பெண் நீலத் தாவணியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பையன்கள் மாதிரி அவள் கேலி செய்கிறவள் இல்லை. மரியாதை கொடுக்கிற எண்ணத்தில்தான் கூப்பிட்டேன். "ஏம்மா, நீ ஒம்பதாவதுதானே? உள்ள வா. இந்த வாண்டுகளுக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு."

வந்தாள். பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "கு..." என்றாள். அப்புறம் "கெ..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. காது மடல் சிவந்து போனது. மூன்றாவது படிக்கிற ஒரு பொடியன், "டோய், அக்காவுக்குப் படிக்கத் தெரியலைடா!" என்று கைதட்டினான். அவள் தம்பி அவனை அடித்தான். சிலேட்டு உடைந்தது. ஒரே அமளி. நான் சண்டையை விலக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவள் தம்பியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் இரண்டு பேரும் வரவில்லை. நடுவில் மாசித் தேர் வந்தது. தேர்க்கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். வளையல் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என்னைப் பார்த்து ஒரு பிள்ளை ஒளிந்துகொள்கிறதே என்று அன்றைக்குச் சாமி கும்பிடக்கூட மனசு ஓடவில்லை. பத்தாவதில் கணக்கில் போனபோது நானும் இப்படித்தான் ஒளிந்தேன். என் அப்பா தண்டல் கொடுக்கிறவர் வந்தாரென்று ஒளிந்ததைவிட நான் என் கணக்கு டீச்சரைக் கண்டு ஒளிந்ததுதான் அதிகம்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்போது எங்கள் பக்கம் புளி சீசன். வீட்டு முற்றத்தில் புளி மலை மாதிரி குவிந்து கிடக்க, அண்ணி (அவள் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்), பாட்டி, அந்தப் பெண் மூன்று பேரும் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டு இருந்தார்கள். கிலோ கணக்குக் கூலி. படிப்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு நானும் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஊர்க்கதை ஓடியது. கை முழுக்கப் பிசுபிசுப்பு. கை கழுவ அவள்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அங்கே ஜன்னலில் அவள் அறிவியல் நோட்டு இருந்தது. ஈரக் கையோடு புரட்டினேன். அச்சில் போட்ட மாதிரி எழுத்து!

"இவ்வளவு அழகா எழுதுறியே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதறது இல்லீங்க அத்தே, வரையறது" என்றாள். "போர்டுல இருக்கறதைப் பார்த்து அப்படியே வரைஞ்சுடுவேன். கோலம் போடற மாதிரி. கோலத்துக்கு அர்த்தம் தெரியணுமா என்ன?"

கேட்டு வாயடைத்துப் போனேன். ஐந்தாவதிலேயே தடுமாற்றம் இருந்ததாம். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தைச் சாத்தினார்கள். வீட்டில் பட்டன் போன் ஒன்றுதான். டி.வி.யில் பாடம் வந்தது, ஆனால் எழுத்தே கூட்டத் தெரியாதவளுக்கு எட்டாம் வகுப்புப் பாடம் எப்படிப் புரியும்? இரண்டு வருஷம் ஆடு மேய்த்தாள், கிழங்கு பிடுங்கினாள். எல்லாரும் பாஸ் என்று சொல்லி ஒன்பதாவதில் உட்கார வைத்தார்கள். நோட்டு சுத்தமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "தம்பியை விட வரும்போது வெளியில நின்னு கேட்டுக்கலாம்னுதான் அத்தே வந்தேன்" என்றாள்.

தோழிகளே, இதைப் படிக்கிற நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் நோட்டில் 'குட்' போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நாலு வரி வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

சரி, இவளை என்ன செய்வது? பதினாலு வயசுப் பெண்ணை ஒன்றாவது பிள்ளைகளோடு பாயில் உட்கார வைக்க முடியாது. தனியாகச் சொல்லித்தந்தால், 'ஒம்பதாவது படிக்கிறவளுக்கு அனா ஆவன்னா' என்று தெரு சிரிக்கும். எங்கள் தெருவில் பென்ஷன் வாங்குகிற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதுசாக இருந்தது.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான். பெரிய பையன் ஒருத்தனைச் சட்டாம்பிள்ளை ஆக்கி, சின்னதுகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லித்தர வைப்பார். ஆண்ட்ரூ பெல் என்று ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர், 1789ல் சென்னை எழும்பூரில், அநாதைகளான சிப்பாய்ப் பிள்ளைகளுக்கு நடத்திய விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாக வந்தாராம். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் அதையே செய்யச் சொன்னார். சம்பள வாத்தியார்கள் முகம் சுளித்தார்கள். எட்டு வயசுப் பையன் ஒருத்தனையே சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆக்கினார். நன்றாக நடந்தது. ஊர் திரும்பி 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. "சொல்லிக் கொடுக்கிறவனுக்குத்தாம்மா படிப்பு ரெண்டு மடங்கா ஏறும்" என்றார் வாத்தியார். நம் திண்ணைச் சரக்கு கப்பல் ஏறி சீமைக்குப் போயிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை!

மறுநாள் அண்ணியிடம் போய், "எனக்கு எழுத்து அட்டை எழுத ஆள் வேணும். உங்க பொண்ணு கையெழுத்து மாதிரி தெருவுலயே யாருக்கும் வராது. நாலரைக்கு அனுப்புங்க" என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அண்ணிக்குப் பெருமை. பெண்ணும் வந்தாள்.

நாலரையிலிருந்து ஐந்து மணி வரை எங்கள் அடுப்படிதான் பள்ளிக்கூடம். நான் காய் அரிந்துகொண்டோ மாவு கரைத்துக்கொண்டோ இருப்பேன். அவள் கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுவாள். எழுதும்போதே அன்றைக்குத் தேவையான ஓசையை அவளுக்குச் சொல்லித்தருவேன். ஐந்து மணிக்கு அதே அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒன்றாவது, இரண்டாவது பிள்ளைகளுக்கு அவளே 'அக்கா டீச்சர்'. அரை மணிக்கு முன்னால் கற்றதை அரை மணி கழித்துச் சொல்லித்தர வேண்டும். மறக்க நேரமே கிடையாது.

அவள் எங்கே தடுக்கி விழுந்தாள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆனது. 247 எழுத்து என்று நாம் பயமுறுத்துகிறோம். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அப்புறம் கால், கொம்பு, கொக்கி என்று பத்துப் பன்னிரண்டு குறிகள். அது பிடிபட்டால் மீதி எல்லாம் அதன் பிள்ளை குட்டிகள்தான். அவளுக்கு அ, க, ம எல்லாம் தெரியும். 'கா' தெரியும். ஆனால் 'கெ', 'கே', 'கை' வந்தால் போச்சு. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நமக்குப் பழகிப்போனதால் இது ஒரு கஷ்டமாகவே தெரிவதில்லை. 'இடுக்கியால வாணலியைப் பிடிக்கிற மாதிரிடி, ரெண்டு பக்கமும் பிடிச்சா கொ' என்று ஒரு நாள் அடுப்பில் வைத்தே காட்டினேன். சிரித்தாள். அதற்கப்புறம் 'கொக்கு' தப்பியதே இல்லை. ல, ள, ழ மட்டும் கடைசி வரை தகராறுதான். அது எனக்கே தகராறு, விடுங்கள்.

இரண்டாவது பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பெரிய பிள்ளைகளுக்கு மானக்கேடு. அதனால் புத்தகத்தை எடுக்கவே இல்லை. ரேஷன் கார்டு, சோப்புக் கவர், அரூர் பஸ்ஸின் பெயர்ப் பலகை, கோயில் நோட்டீஸ், சினிமா போஸ்டர். இதைப் பார்த்துத்தான் பையன்கள் வேலிக்கல்லை விட்டு நகர்ந்து வந்தார்கள். விஜய் படமா, அஜித் படமா என்று சண்டை போட்டாவது நாலு வரி படிப்பார்கள். ஒருத்தனுக்குக் கபடிக்கு ஸ்கோர் எழுதும் வேலை கொடுத்தேன். பேர் எழுத வேண்டுமே, அதற்காகவே எழுத்து கற்றான். ஆனால் 'மே... மே...' முழுசாக நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அவர்களுக்குப் பேய் பிடிக்கும். என் செருப்பைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் மாட்டிவிட்டு, மலைக் குரங்கு தூக்கிப் போச்சு என்று சத்தியம் செய்தார்கள்.

அந்தக் கபடி ஸ்கோர் பையனை நான் தவற விட்டுவிட்டேன். ஏப்ரலில் நாலு நாள் வரவில்லை. விசாரித்தால் பெங்களூருக்குச் சித்தப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விட்டானாம். எங்கள் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஆள் போவது புதுசு இல்லை. கொரோனாவில் கடன் ஏறிய வீடு வேறு. "படிச்சு என்னம்மா கிழிக்கப் போறான், வட்டிக்காவது ஆகும்" என்றார் அவன் அப்பா. எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரரும் லோடு ஏற்றியவர்தானே. பள்ளிக்கூட வாத்தியாரும் போய்ப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. அவன் ஸ்கோர் நோட்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் தன் பேரை இருபது தடவை எழுதிப் பார்த்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி.

மே மாசம் இன்னொரு இடி. அந்தப் பெரிய பெண்ணுக்கு மாமன் மகனைப் பேசுகிறார்களாம். அவளே வந்து சொன்னாள். அழவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த மாசத்துக்கு வேற ஆள் பார்த்துக்குங்க அத்தே" என்றாள், ஏதோ வேலைக்கு நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி.

2006ல் வந்த சட்டப்படி 18 வயசு முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 1098க்கு போன் செய்தால் வந்து தடுப்பார்கள். அந்த நம்பரைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்தேன். ஆனால் எதிர்வீட்டுக்கு அடுத்த வீடு. நாளைக்கும் அவர்கள் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். முதலில் பேசிப் பார்ப்போம் என்று போனேன்.

அண்ணி ஒரே பேச்சில் முடித்தாள். "முன்னயாவது பத்தாவது பாஸ் பண்ணினா இருபத்தஞ்சாயிரமும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் குடுத்தாங்க. இப்ப அதையும் நிறுத்திப் போட்டாங்க. எதுக்கு வச்சிருக்கணும்? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நீ வந்து பதில் சொல்லுவியா? உன் பொண்ணை நீ படிக்க வை. என் பொண்ணுக்குப் புத்தி சொல்ல வராதே." அவள் சொன்னதும் நிஜம்தான். 2022 மார்ச் பட்ஜெட்டில் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் காலேஜ் போனால் மாசம் 1,000 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். 'புதுமைப் பெண்' என்று செப்டம்பர் 5ந் தேதிதான் அது நடைமுறைக்கு வந்தது. மே மாசத்தில் அது யாருக்கும் புரியவில்லை. நின்றுபோன தங்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. 'பொண்ணுங்களுக்குக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லித் தர்றாளாம்' என்று பேச்சு கிளம்பியது. பதினெட்டுப் பிள்ளைகள் பதினொன்று ஆனார்கள். கடையில் தெருக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். "உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" அன்றைக்கு ராத்திரி நோட்டையெல்லாம் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு, வாத்தியாரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போது என் மாமியார் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். ஆரம்பத்தில் இருந்தே 'இந்தச் சத்தம் தாங்கலை' என்று முணுமுணுத்தவர். ஆனால் தினமும் அந்தப் பெண் அட்டையைக் காட்டிச் சொல்லித்தரும்போது மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "எனக்குக் கல்யாணம் ஆகும்போது என்ன வயசுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பதினஞ்சு வருஷமாக மருமகளாக இருக்கிறேன், கேட்டதில்லை. "பதிமூணு. பதினாலுல முதல் புள்ளை. மூணு நாள் வலி. வண்டி கட்டி அரூர் போறதுக்குள்ள புள்ளை போயிடுச்சு. பொம்பளைப் புள்ளை. உங்க வீட்டுக்காரனுக்குக்கூட இது தெரியாது."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தனியாகவே அந்த வீட்டுக்குப் போனார். அண்ணியிடம் போகவில்லை, அவள் மாமியாரான அந்தப் பாட்டியிடம் போனார். இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ வந்தவர்களாம். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டேன். "அது எங்க வயசுக்காரிங்க பேச்சு" என்று சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, வெற்றிலையை இடித்துக்கொண்டே, "பத்தாவது பரீட்சை வரைக்கும் ஒண்ணும் பேச்சு இல்லையாம்" என்றார்.

நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, தள்ளிப்போனது. இதில் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. 1098க்கு முதலிலேயே போன் செய்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைப்பேன். தேதி குறித்திருந்தால் செய்தே இருப்பேன். ஆனால் தேதி குறித்தது எனக்குத் தெரியவே வராமல் போயிருந்தால்? சகோதரிகள் யாராவது இப்படி ஒரு இக்கட்டில் இருந்தால், என்னைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். எனக்கு ஒரு மாமியார் இருந்தார்.

ஜூனில் அவள் பத்தாவது போனாள். ஆடிப்பெருக்குக்கு அனுமன் தீர்த்தத்துக்குக் குளிக்கப் போனபோது, ஆற்றங்கரையில் கட்டியிருந்த போர்டை நடந்துகொண்டே வாய்விட்டுப் படித்தாள். 'ஆழமான பகுதி, யாரும் இறங்க வேண்டாம்.' படித்துவிட்டு, தான் படித்ததைத் தானே கவனித்த மாதிரி சட்டென்று நின்றாள். "அத்தே, கூட்டவே இல்லை. தானா வந்துச்சு" என்றாள். பின்னால் வந்த பையன், "பெரிய கலெக்டரு" என்றான். அவன் கையில் இருந்த சோளத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டாள்.

நின்றுபோன ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் தீபாவளிக்குள் திரும்பி வந்தார்கள். யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அண்ணி மட்டும் பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. பொங்கலன்று ஒரு கூடை மொச்சைக்காய் கொடுத்தனுப்பினாள்.

2023 பிப்ரவரியோடு என் முதல் வருஷம் முடிந்தது. ஏப்ரலில் அவளுக்குப் பரீட்சை. அதற்குள் மாமன் வீட்டார் காத்திருக்க முடியாது என்று வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் என் மேல்தான். மே 19ந் தேதி ரிசல்ட். காலையிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். பகல் முழுக்க அவள் வரவில்லை. போச்சு, மறுபடி ஒளிந்துகொண்டாள் என்றே நினைத்தேன்.

சாயந்திரம் நாலரைக்கு, அவளுடைய வழக்கமான நேரத்துக்கு, அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் மார்க் பேப்பர். தமிழில் ஐம்பத்தெட்டு. அறிவியல், சமூக அறிவியல், இங்கிலீஷ் எல்லாம் தத்தித் தாவி பாஸ். கணக்கில் இருபத்தொன்பது.

நான் என்ன ஆறுதல் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு இருந்தேன். அவள் கீழே உட்கார்ந்து தாவணியைச் சொருகிக்கொண்டு, "அத்தே, நீங்களும் கணக்குலதானே போனீங்க? அக்டோபர்ல எழுதினேன்னு சொன்னீங்களே, எங்களுக்கு ஜூன் கடைசியிலயே வச்சிடறாங்களாம். வாத்தியார் சொன்னாரு. உங்களுக்கு எந்தக் கணக்கு வராம போச்சு, அதை முதல்ல எடுங்க" என்றாள்.

எனக்கு வராமல் போனது அல்ஜீப்ரா. இருபது வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தைத் திறந்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரை மணிக்கு. வீட்டுக்காரர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.